கறுப்பு வெளுத்த கதை

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை கேட்டு எழுதிய மடலில், “யாதாயினும் ஒரு பொருள்பற்றி” எனக் குறித்திருந்தனர். அதிபர்களின் பெருமையும், விடுதிச் சோற்றின் சிறுமையும், துடுப்பாட்டப் போட்டிகளில் நாம் வென்றமையும் தோற்றமையும் பழைய மாணவர் மலர்களிலே போதிய அளவு எழுதப்பட்டுவிட்டன. ஆதலின், குழுவினர் தந்த உரிமையைச் சிறிது தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டு, ஒரு ஜீப் வண்டியின் வெளிப்புறத்திலே பொருத்தப்பட்ட கறுப்புப் பிளாஸ்ரிக் உறுப்புக்கள் வெயிலில் வெளிறிப்போன வரலாற்றையும், அவற்றை மீண்டும் கறுப்பாக்க யாம் மேற்கொண்ட முயற்சியையும் எழுதப் புகுகின்றோம். அவ்வண்டி, நம் கல்லூரியில் எம்மோடு ஒரே வாங்கில் இருந்து பயின்ற நண்பர் ஒருவருடையது. இம்மலரில் இதற்கு இடம் கோருவதற்கு அஃதொன்றே எமக்குள்ள நியாயம்.

நண்பர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். மொரகஹகந்த நீர்த்தேக்க வேலைகள் நடைபெற்ற காலத்தில் நாவுலயிலே ஒரு வீடு எடுத்துக் குடியமர்ந்தவர், 2017 ஆம் ஆண்டில் அந்நீர்த்தேக்கத்தில் நீர் தேக்கத் தொடங்கிய பின்னரும் ஊர் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துக்கும் கண்டிக்கும் இடையே ஏ-9 வீதியிற் போய் வந்த அன்பர்கள் நாவுலயை அறிவர். தம்புள்ளையைத் தாண்டியபின், மாத்தளையின் குளிர் தொடங்குமுன், பேருந்தில் அரைத்தூக்கத்திற் கடந்து செல்லும் ஊர் அது. அவ்விடத்து அமைதி தமக்குப் பிடித்துவிட்டதென்று நண்பர் கூறுவார். 2024 ஆம் ஆண்டு அவர் காலமானார். அவருடைய மனைவியார் மறு ஆண்டு ஆவணி மாதத்தில் வீட்டை விட்டு யாழ்ப்பாணத்துக்கு மகளிடம் வரத் தீர்மானித்தபொழுது, வண்டியை விற்க வேண்டியதாயிற்று. விற்று வரும் பணம் சிறிய தொகையன்று; அவருடைய இனிவரும் ஆண்டுகளுக்கு அதுவே பெரும்பாலும் கைப்பொருள்.

இலங்கையிலே 2020 பங்குனி மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 மாசி மாதத்திலேதான் மக்கள் தம் சொந்த உபயோகத்துக்கு வாகனம் இறக்குமதி செய்ய மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளிலே பழைய வண்டிகளுக்குப் புது மணமகனுக்குரிய மதிப்பு உண்டாயிற்று. கதவு திறந்த பின்னரும் வரிச்சுமை கடுமையாக இருந்தமையால் அம்மதிப்பு முற்றாக இறங்கிவிடவில்லை. எனினும் வாங்குவோர் கண் கூர்மையடைந்துவிட்டது. நண்பரின் வண்டியைப் பார்க்க வந்த தரகர் இருவரும் இயந்திரத்தைத் திறந்து பார்க்கவில்லை. சில்லுக்கு மேலுள்ள வளைவுகளும் பம்பர்களும் கதவுப் பட்டிகளும் சாம்பல் பூத்துக் கிடப்பதைச் சுட்டி, “கிழட்டு வண்டி” என்று இரண்டு இலட்சம் ரூபாய் குறைத்துக் கேட்டனர். செய்தி எமக்கு எட்டியது. யாம் பல்லாண்டுகள் இரசாயனம் கற்பித்தவர்கள். மூன்று நாள் விடுப்புப்போல எண்ணிக்கொண்டு பேருந்து ஏறினோம்.

ஜீப் என்னும் பெயர் முதலில் வழங்கிய போர்க்கால வண்டிகளில் பிளாஸ்ரிக்குக்கு இடமிருக்கவில்லை. பம்பர் என்றால் உருக்கு. 1948 இல் வெளிவந்த லாண்ட்றோவருக்கு அலுமினிய உடல் அமைந்தமைக்குக் காரணம் போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாடு. பொலிபுரோப்பிலீன் என்னும் பொருளை 1954 இல் இத்தாலியப் பேராசிரியர் நற்றா ஒழுங்கான அமைப்புடைய பல்பகுதியமாக ஆக்கிக் காட்டினார். அத்துறைப் பணிக்காக அவருக்கும் செருமானியரான சீகிளருக்கும் 1963 ஆம் ஆண்டின் நோபெல் பரிசு கிடைத்தது. அதன் பின்னரே மலிவும், இலேசும், அடிபட்டால் நெளிந்து மீளும் இயல்பும் உடைய அப்பொருள், சிறிது றப்பர்த் தன்மையுள்ள பொருளும் கலக்கப்பட்டு, படிப்படியாக வண்டிகளின் வெளிப்புறத்தை அடைந்தது. காட்டு வழிகளிற் செல்லும் வண்டிக்கு அது பெரிதும் பொருந்தும். பற்றையில் உரசினால் நிறப்பூச்சிற் கீறல் விழும். கறுப்புச் சொரசொரப்பில் ஒன்றும் தெரியாது. 2018 இல் வெளிவந்த சுசுக்கி ஜிம்னியும் சில்லு வளைவுகளைக் கறுப்பாகவே விட்டிருக்கின்றது.

இக்கறுப்பு மேலே பூசப்பட்டதன்று. பொருளினுள்ளேயே நுண்ணிய காபன் கரி கலந்திருக்கின்றது. தோட்டங்களுக்கு நீர் கொண்டுசெல்லும் கருங்குழாய்களில் நூற்றுக்கு இரண்டு பங்களவு கரி சேர்ப்பார்களே, அதே உபாயம்தான். கரி அழகுக்காக மட்டும் இல்லை. சூரியனின் கழியூதாக் கதிர்களைத் தானே விழுங்கிப் பிளாஸ்ரிக்கைக் காக்கின்றது. அப்படியாயின் கறுப்பு எப்படி வெளுத்தது?

முதல் நாள் காலையிலே கிணற்று நீரும், பாத்திரம் கழுவும் சவர்க்காரமும், மென்மையான தூரிகையும் கொண்டு உறுப்புக்கள் அனைத்தையும் கழுவினோம். எமக்கு உதவியாக, அயலிலுள்ள கராஜ் ஒன்றில் வேலை பழகும் மாத்தளைத் தமிழ் இளைஞன் ஒருவன் வந்திருந்தான். கழுவும்பொழுதே வண்டி கறுகறுவென்று புத்தம்புதிதாய் நின்றது. “சேர், வேலை முடிஞ்சிருச்சு!” என்றான் அவன். ஐந்து நிமிடம் பொறுக்கச் சொன்னோம். கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஈரம் உலர உலர, கண்முன்னாலேயே சாம்பல் நிறம் மேலேறிற்று. அவன் முகமும் அவ்வாறே ஆயிற்று.

பள்ளியிற் கரும்பலகையை ஈரத்துணியாற் துடைத்த அனுபவம் நம்மனைவர்க்கும் உண்டு. நனைந்த பலகை இருளாய் நிற்கும்; உலர்ந்ததும் வெண்மை படரும். அங்கே வெண்மைக்குக் காரணம் சுண்ணாம்புத் தூள். இங்கே தூள் வெளியிலிருந்து வந்ததன்று, பிளாஸ்ரிக்கே தூளாகிவிட்டது. பொலிபுரோப்பிலீனின் நெடுஞ்சங்கிலியில் ஒன்றுவிட்டொரு காபன் அணுவில் ஒரு மெதைல் கூட்டம் தொங்குகின்றது. அவ்விடத்து ஐதரசன் எளிதிற் பறிபோகக்கூடியது. கழியூதாக் கதிர் படப்பட அது பறிபோகும், காற்றிலுள்ள ஒட்சிசன் அவ்விடம் புகும், சங்கிலி அறும். இதனைத் தடுக்கவென்று ஆக்குவோர் சேர்த்த அமைன் வகைக் காப்புப் பொருளும் ஆண்டுகள் செல்லச் செல்லத் தீர்ந்துபோம். அறுந்த சங்கிலிகள் சுருங்கி, மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலப்படாத வெடிப்புக்கள் தோன்றுகின்றன. அவ்வெடிப்புக்களில் நிற்கும் காற்றே ஒளியைத் திசைகெடச் சிதறச் செய்து வெண்மையாகக் காட்டுகின்றது.

காற்றின் முறிவுச் சுட்டி 1, நீருடையது 1.33, இப்பிளாஸ்ரிக்கினுடையது ஏறத்தாழ 1.49. வெடிப்பினுள் நீர் புகுந்தால் ஒளி சிதறுவது குறைகின்றது. உள்ளேயிருக்கும் கரி மீண்டும் கண்ணுக்குத் தெரிகின்றது. கரி ஒருபொழுதும் வெளுக்கவில்லை. அது கிடந்த இடத்திலேயே கிடந்தது. அதன்மேல் மூடிய தோல் செத்துவிட்டது.

இதனை விளங்கிக்கொண்டால், ஊரில் வழங்கும் வைத்தியங்கள் அனைத்தின் இரகசியமும் வெளியாகும். தேங்காயெண்ணெய், சப்பாத்துப் பொலிஷ், கடைகளில் விற்கும் சிலிக்கன் திரவம், கழிவு எஞ்சின் ஒயில் ஆகியவையெல்லாம் ஆவியாகாத ஈரமன்றி வேறில்லை. தேங்காயெண்ணெயின் முறிவுச் சுட்டி 1.45 அளவில் இருப்பதால் நீரினும் நன்றாகவே கறுக்கும். ஆனால் செம்மண் வீதியில் ஒரு பொழுது ஓடினாற் புழுதி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். முதல் மழையோடு கழுவுண்டு, வண்டியின் நிறப்பூச்சில் கோடுகோடாக வழியும். எஞ்சின் ஒயிலோ, கலந்திருக்கும் றப்பர்ப் பகுதியை ஊறச்செய்து நாளடைவிற் கெடுக்கும்.

ஆளிவிதை எண்ணெய் மட்டும் தனிச் சாதி. துடுப்பாட்ட மட்டைக்குப் பூசிப் பதப்படுத்துவோமே, அந்த லின்சீட் எண்ணெய்தான். அதன் சுட்டி 1.48. பிளாஸ்ரிக்குக்கும் அதற்கும் வேறுபாடு இல்லையென்றே கூறலாம். அன்றியும், அது காற்றிலுள்ள ஒட்சிசனை ஏற்றுத் தானே இறுகிப் படலமாகும் எண்ணெய். ஆதலின் சில மாதங்கள் நிற்கும். ஆனால் ஓர் எச்சரிக்கை: அது இறுகும்பொழுது வெப்பத்தை வெளிவிடும். எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் எறிந்துவிட்டால், அவ்வெப்பம் உள்ளே தேங்கித் தானாகவே தீப்பற்றும். துணியை விரித்து உலரவிடவேண்டும். அன்றேல் நீர்வாளியில் அமிழ்த்தவேண்டும். நம் காலத்து விளையாட்டறைகள் எரியாமல் தப்பியமைக்கு, மட்டைகளுக்கு வேண்டிய எண்ணெய் என்றும் போதாமல் இருந்தமையே காரணமாகலாம்.

மத்தியானம் கராஜ் உரிமையாளர் தாமே வந்தார். சிங்களவர், ஊரவர் அனைவரும் ‘பாஸ்’ என்றே அழைக்கும் கைவினைஞர், நண்பரின் வண்டியைப் பல்லாண்டு பேணியவர். யாம் செய்வதைச் சற்று நேரம் பார்த்து நின்றுவிட்டு, தீச்சுவாலைக் குழாயை எடுத்துவரச் செய்து, கழற்றிக் கிடந்த பழைய பட்டி ஒன்றின்மேல் விரைவாக ஓட்டிக் காட்டினார். சாம்பல் நிறம் மந்திரம்போல் மறைந்து கருமை பிறந்தது. அவர் கைப்பழக்கம் வியக்கத்தக்கது. பொலிபுரோப்பிலீன் 160 பாகை சதமவெப்ப அளவில் உருகும். மேற்றோல் மட்டும் உருகி வெடிப்புக்கள் மூடிக்கொள்ளும். ஆயின், சொரசொரப்பும் உருகி வழவழப்பாகிவிடும். ஒரு விநாடி தாமதித்தால் உறுப்புக் கோணும். தீர்ந்துபோன காப்புப் பொருளும் திரும்பி வராது. ஆதலின் அடுத்த கோடையில் முன்னிலும் விரைவாக வெளுக்கும். பட்டியை வாங்கி விரலாற் தடவிப் பார்த்தோம். கண்ணாடிபோல் இருந்தது. பாஸும் தடவிப் பார்த்துச் சிரித்தார்.

பின்னர் அவர் குரலைத் தாழ்த்தி, உண்மையான யோசனையைச் சொன்னார். விற்பனைதானே நோக்கம், ஆட்கள் வருகின்ற நாட் காலையிற் பழைய ஒயிலைத் துணியில் தொட்டுத் துடைத்துவிடுங்கள், மூன்று நாள் நிற்கும், அதற்குள் வண்டி போய்விடும் என்றார். அதிலே வஞ்சகம் இருப்பதாக அவர் எண்ணவில்லை. வண்டி விற்பவர்கள் அனைவரும் செய்வது அது. இரண்டு இலட்சம் ரூபாயை எண்ணிப் பார்க்கும்பொழுது, எமக்கும் அது முற்றாக வெறுக்கத்தக்க யோசனையாகத் தோன்றவில்லை என்பதையும் இங்கே எழுதிவைக்கின்றோம்.

நண்பரின் மனைவியார் தேநீர் கொண்டுவந்தவர் அதனைக் கேட்டு நின்றார். அவருக்குச் சிங்களம் எம்மிலும் நன்றாகத் தெரியும். “அண்ணை, அவர் அணையிலை ஒரு வெடிப்பைக் கண்டாலும் முதல் அறிக்கையிலை எழுதுற மனிசன். அவற்றை வண்டியை ஒயில் பூசி விக்கிறதெண்டால் நான் தரகன் கேட்ட விலைக்கே குடுத்திடுவன்” என்றார். அதன்பின் அப்பேச்சு எழவில்லை.

கண்டியிலிருந்து யாம் கொண்டுவந்திருந்தது சிலிக்கா வகைப் பூச்சு மருந்து, சிறிய சீசா. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து இறுகிக் கண்ணாடியை ஒத்த மெல்லிய படலமாகும். ஓராண்டளவேனும் நிற்குமென எதிர்பார்க்கலாம். சாதாரண நிறப்பூச்சு இப்பிளாஸ்ரிக்கில் நன்கு பற்றாது. தனியான அடிப்பூச்சு ஒன்று வேண்டும். அதுவும் கல் பட்டால் உரியும். ஆதலின் அவ்வழியை விட்டோம். எப்பூச்சாயினும், செத்த தோலின்மேற் பூசினால் தோலோடு கழன்றுவிடும் என்பதே முதன்மையான விதி. அன்று பிற்பகல் முழுவதும், பாத்திரம் தேய்க்கும் முரட்டுப் பஞ்சின் மெல்லிய வகையைச் சவர்க்கார நீரில் தோய்த்து, மெதுவாக, ஒரே அளவான அழுத்தத்தில் தேய்த்தோம். அரத்தாளைத் தொடவில்லை, அது சொரசொரப்பைத் தின்றுவிடும். பஞ்சிலிருந்து வடிந்த நீர் மைபோல் ஓடிற்று. பழைய மெழுகு பொலிஷ் படிந்த வெள்ளைத் தழும்புகளும் ஆங்காங்கே இருந்தன. அவை வேறு நோய். பிள்ளைகளின் அழிறப்பருக்கே போய்விட்டன.

தேய்க்கத் தேய்க்க வண்டி தன் சரித்திரத்தைக் கூறலாயிற்று. வலப்புற உறுப்புக்கள் ஏறத்தாழப் புதியன. இடப்புறம் மிக மோசம். முற்றத்து மாமரம் வலப்புறத்துக்கு நிழல் தந்திருக்கின்றது. இடப்புறம் மேற்கு வெயிலைப் பார்த்து நின்றிருக்கின்றது. 2022 இல் எரிபொருள் இல்லாதிருந்த மாதங்களில் வண்டி அசையாமலே நின்றதாம். கண்ணாடிக்குக் கீழேயுள்ள காற்றுத் தட்டு எல்லாவற்றிலும் கூடுதலாக வெளுத்திருந்தது. நாவுல அமைந்திருக்கும் அகலக்கோட்டில் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும், நண்பகற் சூரியன் நேர் உச்சியில் நிற்கின்றான். படுத்துக் கிடக்கும் பரப்பு எதுவும் அவனிடமிருந்து தப்ப முடியாது.

பின்பம்பரின் இடது மூலைக்கு வந்தபொழுது பஞ்சின் கீழே ஒரு சிறு ஓசை கேட்டது. பெருவிரலால் அழுத்தினோம். வெடிப்பு மேற்றோலோடு நிற்கவில்லை. உறுப்பின் முழுத் தடிப்பையும் ஊடுருவிச் சென்றிருந்தது. ஒரு மரக்கிளை உரசினால் அது உடைந்து விழும். அதற்கு மருந்தில்லை; மாற்றுவதே வழி. நாவுலயிலும் தம்புள்ளையிலும் அவ்வுறுப்புக் கிடைக்கவில்லை.

இரவு முழுவதும் உலரவிட்டு, மறுநாள் விடியற்காலை ஆறு மணிக்கு, வெயில் ஏறுமுன் தொடங்கினோம். பிளாஸ்ரிக் சூடாயிருந்தால் மருந்து பரவுமுன் இறுகித் திட்டுத்திட்டாக நிற்கும். நிறப்பூச்சின் ஓரங்களை ஒட்டுநாடாவால் மறைத்தோம். ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த துணியால் இறுதியாகத் துடைத்தோம். பாஸின் வாயிலிருந்த சுருட்டை அதற்குமுன் அணைக்கச் செய்யவேண்டியிருந்தது. நாலைந்து துளி மருந்தைச் சிறு பஞ்சுத் துண்டில் விட்டு, முதலிற் குறுக்காகவும் பின்னர் நெடுக்காகவும் தேய்த்து, இரண்டு நிமிடத்தில் மிகுதியைத் துடைத்தெடுத்தோம். இளைஞன் இரண்டாவது வளைவிலேயே எம்மைவிடத் திறமையாகப் பூசினான். ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. ஒரு நாள் முழுவதும் நீர் படலாகாது. இரவுப் பனியும் ஆகாது. வண்டியைப் பாஸின் கூரையின் கீழ் தள்ளி நிறுத்தினோம்.

காத்திருந்த அப்பொழுதில் நாலந்தாவிலுள்ள கெடிகேயைப் பார்த்து வந்தோம். பல்லவர் கற்றளிகளை நினைவூட்டும் சிறிய கருங்கற் கோயில். பௌத்தருக்கும் சைவருக்கும் பொதுவான சொல் பலவற்றைக் கல்லிலே கொண்டது. நீர்த்தேக்கம் கட்டப்பட்டபொழுது மூழ்கிவிடாதபடி 1975 இல் அதனைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டிலே 1980 அளவில் மீளக் கட்டினர். நண்பர் எம்மை அங்கே ஒருமுறை அழைத்துச் சென்று, சிற்பங்களைவிட அணையின் சரிவையே நெடுநேரம் காட்டிக்கொண்டிருந்தார்.

பூசிய வண்டி கடையிலிருந்து இறக்கிய வண்டிபோல் மினுங்கவில்லை. மினுக்கமில்லாத, அடங்கிய கறுப்பு. ஈரத்துணியால் துடைத்தாலும் உலர்ந்தாலும் ஒரே கறுப்பு. பின்பம்பரின் இடது மூலை மட்டும் வெள்ளையாய் நின்றது. அதற்கும் பூசியிருந்தால் மற்றவற்றோடு வேறுபாடின்றிக் கறுத்திருக்கும். அழுத்திப் பார்த்தாலன்றி ஒருவருக்கும் தெரியாது. பூசாமல் விடுமாறு மனைவியாரே கூறியிருந்தார். பாஸுக்கு அது சிறிதும் பிடிக்கவில்லை. முழு நிலவில் ஒரு துண்டைக் கடித்துவைத்தது போலிருக்கிறதென்று சிங்களத்தில் முணுமுணுத்தார்.

மூன்றாம் நாள் எலஹெரப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். நக்கிள்ஸ் மலைகளுக்குப் பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் தொழிலைத் தொடங்க எண்ணியிருப்பவர். வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார். இயந்திரத்தை இயக்கிக் கேட்டார். ஒரு சுற்று ஓட்டி வந்தார். பின்பு வெள்ளை மூலையின் முன் குந்தி, இதுமட்டும் ஏன் என்று வினவினார். மனைவியார் அதனை அழுத்திக் காட்டி, மாற்றவேண்டும் என்றார். ஏனையவை கறுத்தது எப்படி என்று அடுத்த கேள்வி வந்தது. பூச்சு இன்னதென்றும், ஓராண்டுக்குப் பின் மறுபடியும் பூசவேண்டி வருமென்றும் யாம் எடுத்துரைத்தோம். அவர் தமது கைக்குட்டையை நீரில் நனைத்து, ஒவ்வொரு வளைவையும் துடைத்து, துணியில் கறுப்பு ஒட்டுகின்றதாவென்று பார்த்தார். ஒட்டவில்லை.

மூலைக்குப் புது உறுப்பு வாங்கும் செலவென்று பதினையாயிரம் ரூபாயைக் குறைத்துக்கொண்டு, மிகுதிக்கு ஒப்புக்கொண்டார். புறப்படுமுன், சீசாவில் மீதியிருந்த மருந்தையும் தமக்கே தர இயலுமாவென்று கேட்டார். மாத்தளை இளைஞன் ஓடிப்போய் அதனை எடுத்துவந்து, எப்படிப் பூசவேண்டுமென்று முன்வளைவிலே கை வைத்துக் காட்டத் தொடங்கினான்.